மோத்தெங் கணவாயில் ஒரு வெள்ளைத் துணி

"மோத்தெங் கணவாயை எஞ்சினே இல்லாத வண்டியில கடந்தவன் இந்த லெசோத்தோவிலேயே நான் ஒருத்தன்தான். இறக்கத்துல இல்லம்மா, ஏத்தத்துல. எஞ்சினைப் பின்னாடி மூட்டை மாதிரி போட்டுக்கிட்டுப் போனேன்."

எல்லைச் சாவடியில் முத்திரை குத்தும் பெண்ணிடம் கெத்திசா இப்படிச் சொன்னார். அவள் கேட்டதென்னவோ, வண்டியில் பழம், இறைச்சி ஏதாவது இருக்கிறதா என்பது மட்டும்தான்.

பக்கத்தில் நின்ற மாபொன்சோ கண்ணை மூடி, பத்து எண்ணி, திறந்தாள். முப்பத்து நான்கு வருஷம் இவருக்கு மனைவியாக இருந்ததில் அவள் கற்ற ஒரே வித்தை அதுதான். இந்தக் கதையை அவள் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறாள், சாவு வீட்டில் கேட்டிருக்கிறாள், பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று வாயில் பஞ்சை வைத்தபடியே அவர் சொல்லக் கேட்டிருக்கிறாள். முதல் தடவை சொன்னபோது வண்டியைத் தள்ளியவர்கள் பதினொரு பேர். மறு வருஷம் நாற்பது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது நூற்றிருபது பேரும் ஒரு குருட்டுக் குதிரையும். போன ஈஸ்டருக்கு ஒரு பிஷப்பும் சேர்ந்துகொண்டார். அங்கி அழுக்காகாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினாராம்.

அந்த ஒரு பயணத்தில் மட்டும் அவள் கூட இல்லை. அது 1991. அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து பதினேழு நாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினவர், வழியில் தேநீர் வைத்துக்கொள்ள அவளுடைய நீல எனாமல் கூஜாவை எடுத்துக்கொண்டு போனார். அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த கூஜா. ஒரு வாரம் கழித்து ஆள் வந்தார், கதை வந்தது, கூஜா வரவில்லை. கேட்டால், ஆற்றில் விழுந்துவிட்டது என்றார். எந்த ஆறு என்று கேட்டால், லெசோத்தோவில் ஆற்றுக்கா பஞ்சம் என்றார். அன்றிலிருந்து மாபொன்சோ ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கூஜா தொலைந்தது உண்மை, மற்றதெல்லாம் அதை மூடி மறைக்கக் கட்டிய கோட்டை.

தென்னாப்பிரிக்காவின் வெல்கம் ஊரில், சுரங்கத்தில் இருபத்தொன்பது வருஷம் ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்சு ஓட்டி ஓய்வு பெற்றவர் கெத்திசா. வருஷம் தவறாமல் பிறந்த மலைக்குச் சாலை வழியாகத்தான் போவார். மாபொன்சோ வெல்கமிலேயே பிறந்து வளர்ந்தவள்; மலை அவளுக்குப் புகுந்த வீடு. முதன்முதலில் போனது 1984-இல். அப்போது சாலை என்று சொன்னது ஆடுகளும் வெட்கப்படும் கல்பாதை. போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. அங்கே ஜூன்தான் குளிர்காலம்; ஒரு ஜூன் மாதம் பனியில் சிக்கி, வண்டிக்குள் இருந்த ஒரே கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளிர் காய்ந்தார்கள். சூடு குறைந்துவிடும் என்று கடைசி வரை அதை அடித்துச் சாப்பிட மனம் வரவில்லை. ஒரு வருஷம் வழியில் ஏற்றிக்கொண்ட கிழவி, இறங்க வேண்டிய இடம் இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று சொல்லி நாட்டின் மறுகோடி வரை வந்துவிட்டாள். பிறகு அணை கட்ட வந்தவர்கள் தார் போட்டார்கள். வளைவுகளில் தடுப்புக் கம்பி வந்தது. ஆனால் சாலை நல்லதாக ஆக ஆகக் கெத்திசாவின் பிக்கப் வண்டி அதே வேகத்தில் கெட்டுக்கொண்டே வந்ததால், பயண நேரம் மட்டும் ஒரு நிமிஷமும் குறையவில்லை. அதே வண்டிதான் இன்னும். கதவு, சக்கரம், இருக்கை, எஞ்சின் எல்லாம் மாற்றியாயிற்று. மாறாமல் இருப்பது ஓட்டுகிறவர் ஒருத்தர்தான். அதுதான் பிரச்சினையே என்பது மாபொன்சோவின் கட்சி.

இந்தத் தடவை விளையாட்டில்லை. தங்கை மாதுமேலோவின் சின்ன மகள் நேயோவுக்குக் கல்யாணம். கெத்திசா தாய்மாமன். தாய்மாமன் வந்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தலையசைத்தால்தான் பெண்ணை வெளியே அழைத்து வருவார்கள். பெரியவள் துமேலோவின் கல்யாணத்துக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் வண்டிதான். ஆகவே மாதுமேலோ தொலைபேசியில் அழுத்தமாகச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டாள். பெரியப்பா மகன் ராந்சோ உள்ளூரிலேயே இருக்கிறான், அவன் நாற்காலியில் உட்காருவான். அதற்குப் பிறகு தனக்கு அண்ணன் என்று ஒருவர் இருந்தார் என்பதையே மறந்துவிடுவாள். ராந்சோ ஏற்கெனவே புதுக் கூம்புத் தொப்பி வாங்கிவிட்டான் என்றும் கேள்வி.

ஃபோனை வைத்த கெத்திசா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் இருந்ததை மாபொன்சோ அதற்கு முன் பார்த்ததே இல்லை. பல் பிடுங்கிய அன்றுகூடக் கஞ்சி குடித்தார்.

அதனால்தான் புத்தா-புத்தே ஊரில், காலை எட்டு மணிக்கு, அவள் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மினிபஸ் நிற்கிறது, ஏறிக்கொள்ளலாம், வண்டியை இங்கேயே விட்டுவிடலாம், மாமன் நடந்து வந்தாலும் மாமன்தான். கெத்திசா ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, எஞ்சின் இல்லாமலே ஏறிய வண்டி எஞ்சினோடு ஏறாதா என்று கேட்டார். அவள் கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தாள். பத்து போதவில்லை, இருபத்தைந்து வரை போனாள்.

கணவாயின் உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே, ஒன்பது இருபதுக்கு, வண்டி கொதித்தது.

திறக்காதீர்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். துருத்தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி, அவரை விட்டுவிட்டு, அவளுடைய பையில் வந்து விழுந்தது. பைக்குள் இருந்தது பெண்ணின் மேசைக்கு விரிப்பதற்காக அவள் ஆறு மாதம் ஓரம் பின்னிய வெள்ளைத் துணி. எஞ்சினும் அதோடு வாயை மூடிக்கொண்டது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது என்று மாபொன்சோவுக்குத் தெரியும். சாலையோரத்து ஓடையில் துணியைக் கசக்கிப் பிழிந்தாள். காற்று நன்றாக வீசியது. அவருடைய கைத்தடியை எடுத்து வண்டியின் பின்தொட்டி மூலையில் செருகி, துணியின் இரண்டு முனையை அதில் கட்டிப் பறக்கவிட்டாள். அரைமணியில் காய்ந்துவிடும். கெத்திசா அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஒரு கல்லின் மேல் போய் உட்கார்ந்து, சுங்கானில் புகையிலை அடைக்க ஆரம்பித்தார். அந்த மூடிய வாயை மாபொன்சோ பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தாள். அந்த வாய் தானாக மூடினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கைபேசியில் ஒரு கோடுகூட வரவில்லை. பத்து நிமிஷத்தில் அந்த மினிபஸ் வந்தது. நிறைந்து வழிந்தது. ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள் பொரித்த மாவு உருண்டையைக் கடித்தபடி மாபொன்சோவைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் உட்கார்ந்திருந்தது தன்னுடைய இருக்கை என்றே மாபொன்சோவுக்குத் தோன்றியது.

முதலில் வந்தவள் ஒரு வயதான பெண். சரிவிலிருந்து இறங்கி வந்தாள், கையில் காலி ஜாம் டப்பா. சமாதானம் உண்டாகட்டும் என்றாள். எப்படி விடிந்தது, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். வண்டிக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்கவில்லை. முறையாகப் பதில் வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு.

அடுத்து கம்பளி போர்த்த இரண்டு ஆண்கள், ஆளுக்கொரு எனாமல் கோப்பை. அதே கேள்விகள், அதே பதில்கள். உட்கார்ந்தார்கள். பிறகு சாலை வேலைக்காரர்கள் நாலு பேர், ஒருவன் கையில் தலைக்கவசம். கோப்பை கிடைக்கவில்லை போல. பிறகு எங்கிருந்து என்று தெரியாமல் கும்பலாக. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எப்படி விடிந்தது என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே விடியலைப் பத்தொன்பது தடவை சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் அரைவட்டமாக உட்கார்ந்து, வண்டியின் பின்தொட்டியையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பது பண்பில்லை.

மணி பத்து பத்து. மாபொன்சோவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தப்பாக நினைக்கக்கூடாது, நீங்களெல்லாம் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று அந்தக் கிழவியிடம் கேட்டேவிட்டாள்.

"இந்தப் பக்கம் யாரும் காய்ச்சுறதில்லையேம்மா, யாரு புதுசான்னு பாக்க வந்தோம்," என்றாள் கிழவி. "வண்டியில வச்சு விக்கிறது நல்ல யோசனை. எங்களுக்கும் நடை மிச்சம்."

மாபொன்சோ நிமிர்ந்து பார்த்தாள். கம்பின் மேல் வெள்ளைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்த மலைகளில் எந்த வீட்டு வாசலில் கம்பில் வெள்ளைத் துணி பறக்கிறதோ, அந்த வீட்டில் சோளபீர் பொங்கித் தயாராக இருக்கிறது. முப்பத்து நான்கு வருஷமாக அந்தத் துணிகளைக் கடந்து போயிருக்கிறாள். தெரியாத விஷயமா? ஆனால் வெல்கமில் துணி என்றால் துணிதான்.

அவள் மெல்லத் திரும்பிக் கல்லின் மேல் இருந்த மனுஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"நீதானே கட்டினே, மாபொன்சோ. உன் காரியத்துல நான் ஏன் தலையிடறேன்? தலையிட்டா திட்டுவே."

துணியை அவிழ்த்து மடித்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பீர் இல்லை, இது மேசை விரிப்பு, நனைந்துவிட்டது, காயப்போட்டேன், கல்யாணத்துக்குப் போகிறோம், வண்டி செத்துவிட்டது. எல்லோரும் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் பதம் வரவில்லை போலிருக்கிறது, அதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று கிழவி பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குதிரையில் அந்தப் பெரியவர் வந்தார். பெயர் மொசுவே. எழுபது வயதிருக்கும், முகமெல்லாம் சுருக்கம், கம்பளியைத் தோளில் ஊக்கு குத்திப் போர்த்தியிருந்தார். இறங்கினார், சமாதானம் சொன்னார், எப்படி விடிந்தது என்று கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார். கெத்திசாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, மறுபடி கெத்திசாவின் முன்னால் வந்து நின்றார்.

"எஞ்சின் எங்கே?" என்றார்.

"இப்ப முன்னாடிதான் இருக்கு," என்றார் கெத்திசா அடக்கமாக.

மொசுவே தலையை அண்ணாந்து சிரித்தார். சிரித்த வேகத்தில் குதிரை இரண்டடி பின்வாங்கியது. பிறகு மாபொன்சோவின் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை அவள் உட்கார்ந்தபடி கேட்டாள். அவள் உட்கார்ந்ததே அவளுக்குத் தெரியாது. இருபத்தேழு வருஷத்துக்கு முன் இதே வளைவு. புத்தா-புத்தேயில் எஞ்சின் இறுகிப்போய், மெக்கானிக் அதைக் கழற்றிப் பின்னால் போட்டு, இதைச் சரிசெய்கிற ஆள் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான் என்று கைகழுவிவிட, இந்த ஆள் கம்பளி மூட்டை ஏற்றிய லாரியின் பின்னால் வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கயிறு அறுந்தது. லாரிக்காரனுக்குத் தெரியவில்லை, போய்விட்டான். அடுத்த லாரியையாவது நிறுத்தலாமே என்று இவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கம்பில் கட்டித் தூக்கிப் பிடித்தார். லாரி வரவில்லை. கோப்பைகளோடு நாங்கள் வந்தோம்.

"வந்தவங்ககிட்ட இவன் என்ன சொல்லணும்? பீர் இல்லேன்னு சொல்லணும். இவன் சொன்னான், பீர் உச்சிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி வீட்டுல இருக்கு, வண்டியை உச்சிக்குத் தள்ளினா நான் போய் எடுத்துட்டு வரேன்னு. தள்ளினோம்மா. நாக்கு வெளியே வந்துடுச்சு. உச்சிக்குப் போனதும் ஏறி உக்காந்தான் பாரு, அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"இறக்கம் வந்துடுச்சு அண்ணே," என்றார் கெத்திசா. "எஞ்சின் இல்லாத வண்டி. திரும்பி எப்படி ஏறுறது?"

"எத்தனை பேர் தள்ளினீங்க?" மாபொன்சோ கேட்டாள். அது அவளுடைய கடைசி அரண்.

"பதினொண்ணு," என்றார் மொசுவே.

"நாப்பது இருக்கும்," என்றார் கெத்திசா.

"பதினொண்ணு. அந்தப் பதினொண்ணுல இப்ப மூணு பேர்தான் உசுரோட இருக்கோம். எங்க ஊர்ல நான் இதைச் சொன்னா, மொசுவே அன்னிக்கு நல்லாக் குடிச்சிருப்பான்னு சிரிக்கிறானுங்க. நான் குடிக்கவே இல்லியே, அதானே கதையே. எனக்குப் பொய்யன்னு பேரு வாங்கிக் குடுத்தவன் உன் புருஷன்."

சொல்லிவிட்டு அவர் கம்பளிக்குள் கையை விட்டு, பீர் வாங்கக் கொண்டுவந்திருந்த பாத்திரத்தை எடுத்தார். நீல எனாமல் கூஜா. மூடியில்லை, கைப்பிடியைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. வரும்வரை ஈடாக வைத்துக்கொள் என்று அன்றைக்கு இவன் கொடுத்துவிட்டுப் போனது என்றார்.

மாபொன்சோ கையை நீட்டினாள். வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். சாவு வீடுகளுக்கு இரவல் போகும் பாத்திரங்கள் மாறிப்போகாமல் இருக்க, அவள் அம்மா எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு நகப்பூச்சில் மூன்று பொட்டு வைப்பாள். இரண்டு பொட்டு தேய்ந்திருந்தது. மூன்றாவது அப்படியே இருந்தது.

அவள் எண்ணவில்லை. எண்ணி அடக்குகிற கட்டம் தாண்டிவிட்டது.

"ஆத்துல விழுந்துடுச்சு," என்றாள் கெத்திசாவிடம்.

"பீர் பாக்கிக்கு உங்கம்மா கூஜாவைக் குடுத்துட்டேன்னு எப்படி உங்கிட்ட சொல்றது?"

"எஞ்சின் இல்லாம மலையேறினேன்னு சொல்ல முடிஞ்சுது, இதைச் சொல்ல முடியலையா?"

"அதைச் சொன்னா நீ நம்பல. இதைச் சொன்னா நம்பியிருப்பே."

மணி பத்து ஐம்பது. உச்சிக்கு மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து மாதுமேலோவின் ஹா லெகோரோ கிராமம் வரை இறக்கம். மாபொன்சோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கல்லின் மேல் இருந்தவரைப் பார்த்தாள். அவர் இப்போது சிரிக்கவில்லை. சுங்கான் அணைந்து கிடந்தது. நாற்காலியில் ராந்சோ உட்காருவதை அவர் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. இந்த மனுஷனின் மேல் கோபப்படுவதற்கென்று ஒரு முழு நாளையே ஒதுக்க வேண்டும். ஆனால் அது இன்றைக்கு இல்லை.

எழுந்து நின்று பேசினாள். கல்யாண வீட்டில் நான்கு பீப்பாய் சோளபீர் பொங்கிக்கொண்டிருக்கிறது, என் நாத்தனார் காய்ச்சியது, நானே கேட்டுத் தெரிந்துகொண்டது, பொய்யில்லை. வண்டியை உச்சிக்குத் தள்ளிக்கொடுத்தால் எல்லோரும் கல்யாணத்துக்கு விருந்தாளிகள்.

அரைவட்டம் மொசுவேயைப் பார்த்தது. மொசுவே தாடையைச் சொறிந்தார். போன தடவை கூஜாவை ஈடாக வாங்கினோம், ஏமாந்தோம். இந்தத் தடவை பெண்டாட்டியைக் கொடு என்றார். அவள் வண்டிக்குள் உட்காரக்கூடாது, எங்களோடு பின்னால்தான் வர வேண்டும். பெண்டாட்டியையும் விட்டுவிட்டு இறக்கத்தில் ஓடிவிடுவானா என்று யாரோ கேட்டார்கள். ஓடினாலும் ஓடுவார் என்று சொன்னவள் மாபொன்சோதான்.

இருபத்து மூன்று பேர் தள்ளினார்கள். குதிரை இழுத்தது. பிஷப் யாரும் இல்லை, ஆனால் சாலை வேலைக்காரர்களில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவன், அவன் தாளம் கொடுத்தான். காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஒரு அடி வைக்க ஒரு வயது ஆயிற்று. ஜாம் டப்பாக் கிழவி தள்ளவில்லை, முன்னால் நடந்து வழிகாட்டினாள். ஒரே சாலை, திரும்ப வேறு இடமே கிடையாது, ஆனாலும் காட்டினாள். மாபொன்சோ கல்யாணச் செருப்பைக் கழற்றிக் கூஜாவுக்குள் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, பின்கதவில் தோள் கொடுத்துத் தள்ளினாள். அவள் தோளுக்கு நேரே உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர், வலது பக்கம் தெரிவது என்ன மலை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் எல்லோரும் அந்த மலையில் பிறந்தவர்கள்.

உச்சியில் மொசுவே உஷாராக இருந்தார். வண்டி இறக்கத்தில் மூக்கை நீட்டுவதற்கு முன்பே அத்தனை பேரையும் ஏற்றிவிட்டார். பின்தொட்டியில் பதினாறு பேர், முன்னால் நாலு பேர், பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு மிச்சம். ஓட்டுகிறவருடைய மடியில் கிழவி. இப்போது ஓடுடா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, குதிரையைத் தடுப்புக் கம்பியில் கட்டிவிட்டு அவரும் தொற்றிக்கொண்டார். அந்த இறக்கத்தைப் பற்றி மாபொன்சோ பிறகு யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. பிரேக் சுமார் என்பது அவளுக்குத் தெரியும். எவ்வளவு சுமார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கட்டத்தில், வழியில் டயர் மாற்றிவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்த அந்த மினிபஸ்ஸை முந்தினார்கள். அந்த மாவு உருண்டை அம்மாள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாபொன்சோவுக்குக் கொஞ்சம் திருப்தி.

ஹா லெகோரோ வாசலில், எஞ்சின் சத்தமே இல்லாமல், பாட்டுச் சத்தத்தோடு, வண்டி வந்து நின்றபோது மணி பன்னிரண்டு ஆறு.

நாற்காலியில் ராந்சோ உட்கார்ந்திருந்தான், புதுத் தொப்பியோடு. மாதுமேலோ கதவருகில் நின்றாள், முகம் கல்லாக. அவள் பார்வை அண்ணன் மேல் விழுந்தது, பிறகு வண்டியிலிருந்து உதிர்ந்த இருபத்து மூன்று பேர் மேல், பிறகு அத்தனை பேர் கையிலும் இருந்த கோப்பை, டப்பா, தலைக்கவசம் மேல். அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. தன் மகள் உள்ளே உடுத்திக் காத்திருக்க, அண்ணன் வழியில் எங்கோ உட்கார்ந்து குடித்துவிட்டு, கூடக் குடித்த கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஊர் முன்னால் சொன்னாள். சத்தம் போடவில்லை, அதுதான் மோசமாக இருந்தது.

கெத்திசா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நடந்தது இதுதான், மாதுமேலோ, வண்டி எஞ்சின் வேலை செய்யாமல் என்று ஆரம்பித்ததுமே கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அந்தக் கதை அந்த ஊருக்குத் தெரியும். பிஷப் வரைக்கும் தெரியும். மொசுவே முன்னால் வந்து ஏதோ சொல்லப் போனார். அவர் கையிலும் யாருடையதோ ஒரு கோப்பை இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

குடும்பத்துப் பெரியவர் தடியைத் தரையில் தட்டினார். ஆறு நிமிஷம் பெரிசில்லை என்றார். சாலை தாமதப்படுத்தினால் மாமன் மாமன்தான். குடி தாமதப்படுத்தினால் ராந்சோ எழுந்திருக்க வேண்டியதில்லை. எது என்று மட்டும் தெரிய வேண்டும்.

"அண்ணி சொல்லட்டும்," என்றாள் மாதுமேலோ. "அண்ணி ஒரு நாளும் அண்ணனோட கதைக்கு ஆமா போட்டதில்ல. அவங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்."

எல்லோரும் மாபொன்சோவைப் பார்த்தார்கள். வெறுங்கால், தோளில் வண்டித் துரு, கக்கத்தில் செருப்பு போட்ட நீலக் கூஜா. முப்பத்து நான்கு வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் அவளுக்கு வாய்த்ததில்லை. பேசாமல் இருந்தாலே போதும். கோழியோடு குளிர் காய்ந்த ராத்திரி, கூஜா, பல் பிடுங்கிய நாள், மூடிக்கொண்டு உட்கார்ந்த வாய், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்கு நேராகிவிடும். அவள் கணவரைப் பார்த்தாள். கெத்திசா தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மாபொன்சோ கூஜாவைத் தரையில் வைத்து, செருப்பை எடுத்து, நிதானமாக ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். நாற்காலியின் அருகே போய் நின்றாள். ராந்சோ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே தொப்பியைக் கழற்றினான்.

"பதினொரு பேருதான், நூத்தியிருபது இல்ல," என்றாள். "பிஷப்பும் கிடையாது. ஆனா எஞ்சின் இல்லாமத்தான் ஏறிச்சு. நடந்தது."

ஒரு மூச்சு விட்டாள்.

"ரெண்டு தடவையும்."